நகராத வண்டியில் தேய்ந்த கிளட்ச்

அண்ணியின் மேஜைமேல் இதுவரை எத்தனையோ வந்து விழுந்திருக்கின்றன. உடைந்த பூட்டு, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பாதி கடித்த பிஸ்கட். ஆனால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கன்னங்கரேலென்று, கருகிய நாற்றத்தோடு ஒரு இரும்பு வட்டம் வந்து விழுந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். விழுந்த இடம் என் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்.

"இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்க" என்றார் கொண்டுவந்தவர்.

"வேணாம்ணே. இங்கேயே வருது" என்று டப்பாவை மூடினேன்.

வந்தவர் மெக்கானிக். பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். தன்னைப் புகழ்ந்துகொள்ள அவர் என்றைக்கும் அடுத்தவர் உதவியை எதிர்பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையிலும், கால்சட்டையிலிருந்த கிரீஸைக் கையிலும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. துப்பறிவது அவர் தொழில். கூடவே போய் வாயடிப்பது என் தொழில். எங்கள் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விடுவது என் அண்ணனின் தொழில்.

"என்ன இது?" என்றார் அண்ணி.

"கிளட்ச் பிளேட் மேடம். இன்ஜினையும் சக்கரத்தையும் சேர்த்து வெக்கிறது இதுதான். பெடலை அமுக்கினா பிரிச்சுடும். விட்டா சேர்த்துடும்."

"சேர்த்தும் வெக்கும், பிரிச்சும் வெக்குமா? எங்க சித்தி மாதிரி" என்றேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து முறைக்கு ஒருமுறைதான் பார்ப்பார். "யாரோட வண்டி?"

"பல் டாக்டரோடது. அவங்க அப்பா காலத்து வண்டி. போன மாசம்தான் கியர் பாக்ஸை இறக்கி, புது பிளேட் போட்டுக் குடுத்தேன். ஒரு ஞாயிறு ஓட்டிப் பார்த்துட்டு, வெண்ணெய் மாதிரி இருக்குன்னு போன் பண்ணாரு. அப்புறம் ஏதோ மாநாடு, வெளியூர் வேலைன்னு ரெண்டு ஞாயிறு வண்டியை எடுக்கலை. அடுத்த ஞாயிறு எடுத்தாரு. பாலத்து ஏத்தத்துல இன்ஜின் கத்துது, வண்டி நகரலை. கட்டி இழுத்துக்கிட்டு என் ஷெட்டுக்கு வந்தாங்க."

"நீங்க என்ன பார்த்தீங்க?"

"ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூணாவது கியர்ல வெச்சு, கிளட்ச்சை விட்டேன். நல்ல கிளட்ச்சா இருந்தா இன்ஜின் முக்கிட்டு அணைஞ்சுடணும். இது ஜம்முன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பிளேட் பிடிக்கலை, வழுக்குதுன்னு அர்த்தம். கழட்டினேன். இந்தக் கோலம்." அந்த வட்டத்தை விரலால் சுண்டினார். "மேல ஒட்டியிருக்கிற பொருள் மொத்தமும் போயி, ரிவெட் ஆணியோட தலை தெரியுது. டாக்டர் பார்த்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. பழைய பிளேட்டைப் போட்டு என்னை ஏமாத்திட்டீங்கன்னு."

"அவர் சொல்றதுல தப்பென்ன?" என்றார் அண்ணி. கட்சிக்காரரிடமே இப்படிக் கேட்பது அவர் பழக்கம். அதனால்தான் எங்களுக்குக் கட்சிக்காரர்கள் குறைவு.

மெக்கானிக் முகம் சிவந்தது. "நான் போடுற ஒவ்வொரு பிளேட்லயும் நடுவுல ஒரு கோடு கிழிச்சு வெப்பேன். இதோ பாருங்க. இது நான் போட்ட புதுசுதான். ஆனா அந்தக் கோட்டை எப்ப வேணா கிழிக்கலாமேன்னு சொல்றாரு. அது மட்டுமில்ல, வண்டி ஓடின தூரத்து மீட்டரைக் காட்டுறாரு. கடைசியா வண்டியை நிறுத்தினப்ப மீட்டர்ல இருந்த எண்ணும், திரும்ப எடுத்தப்ப இருந்த எண்ணும் ஒண்ணுதானாம். நகராத வண்டியில புது பிளேட் எப்படித் தேயும்னு கேக்குறாரு. எனக்கே பதில் தெரியலை மேடம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். எதுவும் தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் பழைய கார் வெச்சிருக்கிறவங்க சங்கத்துக் கூட்டம். டாக்டர்தான் செயலாளர். என் ஷெட்டுக்கு இனிமே யாரும் வண்டி விடக்கூடாதுன்னு சொல்லப்போறாரு. என்கிட்ட வர்ற வண்டி எல்லாமே அந்தச் சங்கத்து வண்டிதான். நாளைக்கு நான் ஷெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு யாருக்காகக் காத்திருக்கிறது?"

அண்ணி பிளேட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசு இவ்வளவு சீக்கிரம் தேயணும்னா என்ன செய்யணும்?"

"பாதி கிளட்ச்சுல ஓட்டணும். பெடலை முழுசா அமுக்காம, முழுசா விடாம, மெதுவா மெதுவா விட்டுக்கிட்டே இருக்கணும். புதுசா வண்டி கத்துக்கிறவங்க செய்யற வேலை. ஆனா அப்படி யாராச்சும் ஓட்டியிருந்தா மீட்டர் ஏறியிருக்கணுமே."

"வண்டி இப்ப எங்க?"

"வேற புது பிளேட் போட்டு, கியர் பாக்ஸை ஏத்தி, ரெடியா கீழ நிக்குது. திருப்பி விடத்தான் போறேன். ஏமாத்துக்காரன்னு சொன்னவருக்கும் வேலையை முடிச்சுக் குடுத்துதானே ஆகணும்."

"நாங்களும் வர்றோம்" என்று அண்ணி எழுந்தார். என் சாப்பாட்டு டப்பா அப்படியே இருந்தது.

*

கீழே சந்துக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றிருந்தது அந்தக் கறுப்பு வண்டி. உருண்டை விளக்கு, உருண்டை முதுகு, உட்கார்ந்தால் முழங்கால் வரை புதையும் சீட்டு. அண்ணி முன்னால் ஏறினார். எனக்குப் பின் சீட்டு. கருகிய பிளேட்டை என் மடியில் வைத்தார்கள்.

மெக்கானிக் ரிவர்ஸ் போட்டு, சந்திலிருந்து பின்னாலேயே மெதுவாக வெளியே வந்தார். சந்து நீளம். அவர் பின்னால் பார்த்தார், நான் பின்னால் பார்த்தேன். அண்ணி மட்டும் முன்னால், ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கமிருந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு வந்து நின்றதும், "மறுபடி சந்துக்குள்ள போங்க" என்றார்.

"மேடம்?"

"உள்ள போயிட்டு, மறுபடி பின்னாடி வாங்க."

"ஏதாச்சும் மறந்துட்டீங்களா அண்ணி?" என்றேன். "சொன்னா நானே இறங்கிப் போய் எடுத்துட்டு வருவேனே. வண்டியையே அனுப்பணுமா?"

வண்டி உள்ளே போனது, வெளியே வந்தது. அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி மிட்டாய் போட்டுக்கொண்டால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என்னவென்று கேட்டால், மிட்டாய் கரையும்வரை பதில் வராது.

*

பல் டாக்டர் வீட்டுக்கு வெளிவாசலிலிருந்து கார் ஷெட் வரை ஜல்லி பரப்பிய நீளமான பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரச் செடி. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது. வெளிவாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி அண்ணி இறங்கினார். குனிந்து பாதையைப் பார்த்தார். நானும் குனிந்தேன்.

ஜல்லியில் இரண்டு தடம் ஆழமாக விழுந்திருந்தது. ஷெட்டிலிருந்து நேராக வந்து, வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்த ஆழம் நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் வாசல்வரை ஜல்லி லேசாகத்தான் கலைந்திருந்தது.

"புரிஞ்சுபோச்சு அண்ணி" என்றேன் மெல்லிய குரலில். "புதுசா கத்துக்கிறவங்க வேலைன்னு மெக்கானிக் சொன்னாரு. இந்த வீட்ல கத்துக்க வேண்டியவங்க யாரு? டாக்டரோட மனைவி. வீட்டுக்காரர் வெளியூர் போனதும், அவருக்குத் தெரியாம வண்டியை எடுத்து இங்கேயே முன்னாடி பின்னாடி ஓட்டிப் பழகியிருக்காங்க. தெருவுக்குப் போகப் பயம். கேஸ் முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"சபாஷ்" என்றார் அண்ணி. அவர் என்னைப் பாராட்டினால் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஹாரன். வீட்டின் தினசரி உபயோகத்துக்கான சின்ன வெள்ளைக் கார். ஓட்டி வந்தவர் டாக்டரின் மனைவி, வங்கி மேலாளர். பாதையை அடைத்து நின்ற எங்கள் கறுப்பு வண்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே, ஒரு கார் நுழையும் என்று நான் நம்பியிருக்காத ஓர் இடைவெளி இருந்தது. அந்தப் பெண்மணி காரைத் திருப்பி, பின்னாலேயே வந்து, அந்த இடைவெளியில் ஒரே வீச்சில் செருகி நிறுத்தினார். ஒரு கையில் போன் இருந்தது.

"நல்லா கத்துக்கிட்டிருக்காங்க, இல்ல?" என்றார் அண்ணி.

நான் ஜல்லியை எண்ணுவதுபோல் நின்றேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். உயரமான மனிதர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர், ஆகையால் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. நாங்கள் யாரென்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "துப்பறியக் கூட்டிட்டு வந்திருக்காரா? இதுல துப்பறிய என்ன இருக்கு? மீட்டரோட கடைசி மூணு எண் என் கிளினிக் போன் நம்பரோட கடைசி மூணு எண். அதனாலதான் எனக்கு ஞாபகம். வெளியூர் போறதுக்கு முன்னாடியும் அதேதான், வந்தப்புறமும் அதேதான். வண்டி ஒரு அடி நகரலை."

"சாவி எங்க இருக்கும் டாக்டர்?"

"ஹால்ல ஆணியில தொங்கும். பேட்டரி இறங்கக்கூடாதுன்னு என் மாமனார் தினம் காலையில ஸ்டார்ட் மட்டும் பண்ணுவார். நான்தான் கேட்டுக்கிட்டேன். அவரைச் சந்தேகப்படாதீங்க. போன வருஷம் அவருக்கு வாதம் வந்து இடது கால் விழுந்துபோச்சு. இந்த வண்டியோட கிளட்ச் எனக்கே கனம். அவரால அதை அமுக்கக்கூட முடியாது."

"பெட்ரோல் குறைஞ்சிருந்ததா?"

"பெட்ரோல் முள் எங்க அப்பா இருக்கும்போதே வேலை செய்யறதை நிறுத்திடுச்சு" என்றார் டாக்டர், அதுவும் வண்டியின் சிறப்புகளில் ஒன்று என்பதுபோல.

"சரி. கொஞ்சம் முன் சீட்ல உட்காருங்க. மெக்கானிக் வண்டியை ஷெட்ல விடட்டும். மீட்டரை மட்டும் பார்த்துக்கிட்டே வாங்க."

டாக்டர் விருப்பமில்லாமல்தான் ஏறினார். வண்டி ஷெட்வரை போனது. பிறகு அண்ணி கையசைக்க, அதே பாதையில் பின்னாலேயே வாசல்வரை வந்தது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். நாலாவது நடைக்குள் டாக்டரின் கழுத்து மீட்டர் கண்ணாடிக்கு அருகே நீண்டுவிட்டது. இறங்கி வந்தார்.

"எண்... கீழ இறங்குது" என்றார்.

"முன்னாடி போனா ஏறும், பின்னாடி வந்தா அதே அளவு இறங்கும். இந்த மீட்டர் அப்படி" என்றார் அண்ணி. "எடுத்த இடத்துலேயே திரும்ப நிறுத்திட்டா, நாள் முழுக்க ஓட்டினாலும் உங்க கிளினிக் நம்பர் அப்படியே இருக்கும்."

"இது எனக்குத் தெரியாதே" என்றார் சங்கத்தின் செயலாளர்.

"எனக்குத் தெரியும்" என்றார் மெக்கானிக்.

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?" என்று நான் கேட்டேன்.

"ரிவர்ஸ்ல யாரு அவ்வளவு தூரம் ஓட்டுவாங்க தம்பி? தோணலை." இரண்டாவது முறையாக அன்று அவர் குரல் இறங்கியது. ஆனால் டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்வை மெதுவாகத் தன் மனைவி பக்கம் திரும்பியிருந்தது.

"என்னை ஏன் பார்க்குறீங்க?" என்றார் அந்த அம்மாள். "அந்த வண்டியில ஏறி உட்கார்ந்தாலே சீட்டு கசங்கிடும்னு சொல்றவர் நீங்க. எனக்கு அது மேல ஆசையே கிடையாது. வாங்க, எல்லாரும் உள்ள வந்து தண்ணி குடிங்க."

*

ஹாலில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார் டாக்டரின் மாமனார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியின் கையைக் கூடப் பிடிக்கவில்லை. கைத்தடி இரண்டு அடி தள்ளி, சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மகள், முகமெல்லாம் சிரிப்பாக. "போன மாசம்வரைக்கும் ரெண்டு பேர் பிடிச்சாத்தான் அப்பா எழுந்திருப்பாரு. எல்லாம் எங்க பிசியோகாரர் கைராசி. வாரத்துல ஒரு நாள்தான் வர்றாரு. ஒரு கருவி குடுத்து, தினம் அதைக் காலால அமுக்கச் சொல்லியிருக்காரு. அமுக்குறது பெரிசில்ல, மெதுவா மெதுவா விடுறதுலதான் காலுக்கு பலம் வரும்னு சொன்னாரு. அதே மாதிரி ஆயிடுச்சு."

அண்ணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். கைப்பையைத் திறந்தார். இரண்டாவது மிட்டாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் கண் போன இடத்துக்கெல்லாம் என் கண்ணும் போனது. முதலில் கட்டிலுக்கடியில். அங்கே ஸ்பிரிங் வைத்த ஒரு மிதி கருவி இருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. உறைமேல் தூசி. அப்புறம் பெரியவர் கால்மேல் கால் போட்டபோது தெரிந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகம். வலது செருப்பு சாதாரணம். இடது செருப்பில் மட்டும் முன்பாதத்துக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் பதிந்திருந்தன.

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்று அண்ணி விசாரித்தார்.

"ரயில் எஞ்சின் ஓட்டினேம்மா."

"பெரிய பெரிய ஊருக்கெல்லாம் போயிருப்பீங்க."

"ஒரு ஊருக்கும் போனதில்ல. யார்டுக்குள்ள பெட்டி கோர்க்கிற எஞ்சின். முன்னாடி போகணும், பின்னாடி வரணும், எடுத்த இடத்துல கொண்டு வந்து விடணும். வேலை அவ்வளவுதான்." சிரித்தார். "என் சம்சாரம் சொல்லும், நாப்பது வருஷம் ரயில் ஓட்டியும் ஸ்டேஷனைத் தாண்டாத ஆளுன்னு."

எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "என் மாமாவுக்கும் கால்ல இதே மாதிரிதான்" என்றார். அண்ணியின் மாமா என்றால் என் அப்பா. அவர் கால்கள் இரண்டும் அன்று காலையில்தான் என்னைத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு வந்தன. "அந்தப் பயிற்சியை எப்படிச் செய்யறதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன். வீட்ல போய்ச் சொல்றேன்."

"அதுக்கென்ன" என்று பெரியவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். மகள் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் கண்ணைப் பாதி மூடினார். இடது காலைத் தூக்கி, கற்பனையில் எதையோ முழுசாக அமுக்கினார். பிறகு மெதுவாக, மிகமிக மெதுவாக, பாதத்தை மேலே விட ஆரம்பித்தார். பார்க்கவே அழகாக இருந்தது.

இடது கால் பாதி வந்தபோது, வலது கால் கட்டைவிரல் லேசாகக் கீழே அழுந்தியது.

கை தானாக எழுந்து, காற்றில் ஒரு கைப்பிடியைப் பிடித்து, மேலே தள்ளியது. தலை திரும்பி, தோளுக்கு மேலாக, சோபாவுக்குப் பின்னாலிருந்த சுவரைக் கவனமாகப் பார்த்தது.

"ஐயா" என்றார் அண்ணி மென்மையாக. "பயிற்சி இடது காலுக்குத்தானே?"

பெரியவரின் கை காற்றிலேயே நின்றது. கண்ணைத் திறந்தார். முதலில் தன் கையைப் பார்த்தார், அப்புறம் மாப்பிள்ளையை. மெதுவாகக் கையை மடியில் இறக்கினார். இடது செருப்பில் பதிந்திருந்தது கிளட்ச் பெடலின் கட்டம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா?" என்றார் மகள்.

மெக்கானிக் வாயைத் திறந்தார். நான் கையோடு கொண்டுவந்திருந்த பிளேட்டை அவர் கையில் திணித்தேன்.

"அந்தக் கருவியை ஒரு நாள் அமுக்கிப் பார்த்தேம்மா" என்றார் பெரியவர் தரையைப் பார்த்து. "நான் சரியா விட்டேனா, தப்பா விட்டேனான்னு அது சொல்லாது. எப்படி விட்டாலும் சும்மா கிடக்கும். வண்டி அப்படியில்ல. காலைப் படக்குனு விட்டா குதிக்கும், அணைஞ்சுடும். மெதுவா, சரியா விட்டா அலுங்காம நகரும். முதல் நாள் ஒரு அடி நகர்றதுக்குள்ள பத்து தடவை அணைஞ்சுது. பதினோராவது தடவை நகர்ந்துச்சு. அன்னைக்கு நான் அழுதேன். இந்தக் கால் இன்னும் என் பேச்சைக் கேக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"ஆஸ்பத்திரியில எனக்கு என்னப்பா வாக்கு குடுத்தீங்க?"

"ரோட்டுல ஓட்ட மாட்டேன்னு குடுத்தேன். ரோட்டுக்குப் போகலையேம்மா."

வாசலுக்கு முன்னாலேயே நின்றுபோன அந்தத் தடம் என் ஞாபகத்துக்கு வந்தது. வாக்கைக் காப்பாற்றிய தடம். ஒரு பிளேட்டைத் தின்றுவிட்டுக் காப்பாற்றிய வாக்கு.

"மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர். குரலில் கோபத்தைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை.

"மாப்பிள்ளை வீட்ல இருந்துக்கிட்டு, மாப்பிள்ளை உசுரா வெச்சிருக்கிற வண்டியை எடுத்தேன்னு எப்படிச் சொல்ல?" பெரியவர் இப்போதுதான் மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு நீங்க இங்க வந்து நின்னு, புது பிளேட்தான் போட்டேன், புது பிளேட்தான் போட்டேன்னு சொன்னீங்க. நான் அந்த ரூம்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். எழுந்து வர்றதுக்குக் கால் இருந்துச்சு. வாய்தான் வரலை."

மெக்கானிக் அந்தக் கருகிய வட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மூன்றாவது முறை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்டத்துக்கு நேரமாச்சு. நான் விசாரிச்சதுல தப்பு மெக்கானிக் மேல இல்லன்னு சொல்லிடறேன். காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்."

"காரணம் சொல்லலைன்னா யாரும் நம்ப மாட்டாங்க டாக்டர்" என்றார் அண்ணி. "சமாதானமாயிட்டாங்கன்னு நினைச்சுப்பாங்க. வண்டி மட்டும் அவர் ஷெட்டுக்குப் போகாது."

பெரியவர் எழுந்தார். "நானே வர்றேன்" என்றார்.

"கைத்தடி?" என்றார் மகள்.

"அதுவும் வரட்டும். அதுக்கும் கொஞ்ச நாளா வேலை இல்லாம இருக்கு."

அண்ணி கைப்பையிலிருந்து மூன்றாவது மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்று கூடக் கொடுத்ததில்லை.

*

சங்கத்துக் கூட்டம் நடந்தது ஒரு சின்ன அரங்கில். வெளியே பளபளவென்று துடைத்த பழைய வண்டிகள், உள்ளே அதேபோல் துடைத்த அவற்றின் சொந்தக்காரர்கள். மெக்கானிக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து நாலு பேருக்கு இன்ஜினைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆள். சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தன. நானும் அண்ணியும் போய் இரண்டை நிரப்பினோம்.

டாக்டர் மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். "மெக்கானிக் விஷயமா நான் உங்ககிட்ட ஏற்கெனவே சிலது சொல்லியிருந்தேன். நான் சொன்னது தப்பு." முன்வரிசைப் பக்கம் கையைக் காட்டினார். "மீதியை என் மாமனார் சொல்வார்."

மேடைக்கு மூன்று படி. கைப்பிடி கிடையாது. பெரியவர் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, இடது காலை முதல் படியில் வைத்தார். டாக்டர் பிடிக்க வந்து, பாதியில் நின்றுவிட்டார். முன்வரிசையில் இருந்த மகளை நான் பார்த்தேன். கண் அப்பாமேல் இருந்தது. இடது பாதம் மட்டும் தரையில் இல்லாத ஒரு பெடலை அமுக்கி, அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் மெதுவாக, மிகமிக மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது.

பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெக்கானிக் என் மாப்பிள்ளை வண்டிக்குப் போட்டது புது பிளேட்தான். தேய்ச்சது நான்" என்றார். "நல்ல பிளேட்டுங்க. என் காலை நிமிர்த்தி நிக்க வெச்சுட்டுத்தான் அது போச்சு."

அரங்கத்தில் எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். நாலைந்து பேர் திரும்பி, கடைசி வரிசையில் மெக்கானிக் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடினார்கள். ஒருவர் எழுந்து வந்து, தன் வண்டியில் கிளட்ச் கொஞ்சம் வழுக்குகிறாற்போல இருக்கிறது, நாளைக்குக் காலையில் ஷெட் திறந்திருக்குமா என்று கேட்டார்.

மெக்கானிக் எழுந்து நின்றார். இனி அரை மணி நேரம் தன் கைத்திறமையைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது.